வலது பக்கம் உட்காருகிறவள்

வெள்ளிமலை
10.6.2025

நிஷாத்,

நலமா என்று கேட்கவில்லை. மருதாணிக் கையோடு சிரித்துக்கொண்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தாயே, நலமாகத்தான் இருக்கிறாய்.

கடிதம் எதற்கு என்பாய். இங்கே கொஞ்சம் காற்றடித்தாலும் டவர் போய்விடுகிறது. போன் பேச தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே எப்போதும் பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் பேசுவதையும் சேர்த்துக் கேட்பார்கள். பஸ் கண்டக்டர் பச்சமுத்து அண்ணன் உங்கள் கடையைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு ஒரு லேப்டாப் வேண்டும். வேலைக்கு இல்லை, கேம் விளையாட. ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து, ஸ்லைடு பார்த்து இரண்டு வருஷத்தில் நான் சேர்த்தது அவ்வளவுதான். நெட்டை நம்ப முடியாது, அதனால் நெட் இல்லாமல் ஓடுகிற விளையாட்டுகள் போதும். கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் தாங்க வேண்டும். முக்கியமான ஒன்று: இரண்டு பேர் சேர்ந்து ஒரே கீபோர்டில் விளையாட வசதியாக இருக்க வேண்டும்.

உங்கள் அத்தா கடையில் புதுசும் பழசும் விற்கிறீர்கள், உனக்குத் தெரியாத மாடல் கிடையாது. கேட்பதற்கு எனக்கு வேறு ஆளும் கிடையாது. பார்த்துச் சொல்.

சந்தியா


கள்ளக்குறிச்சி
13.6.2025

அடியே சந்தியா,

"பாய், உங்க பொண்ணுக்கு மலையிலேர்ந்து லெட்டர் வந்துகீது!" என்று பச்சமுத்து அண்ணன் கடை வாசலில் நின்று கூவியதில் எங்கள் அத்தாவுக்கு முகமே செத்துவிட்டது. "எவன்மா அவன்?" என்றார். உன் பெயரைக் காட்டிய பிறகுதான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். நீ எழுத ஆரம்பித்துவிட்டாய், நானும் கடிதத்திலேயே திட்டுகிறேன். மெசேஜில் திட்டினால் நீ பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பாய்.

முதல் திட்டு பக்ரீத்துக்கு. ஐந்து வருஷமாக அன்றைக்கு உனக்கென்று பிரியாணி எடுத்து மூடி வைக்கிற வீடு இது. இந்தத் தடவை அம்மா மூன்று மணி வரை யாரையும் அந்தப் பாத்திரத்தைத் தொடவிடவில்லை. "சந்தியா வர்லியா? இன்னா ஆச்சு அதுக்கு?" என்று நாலு தரம் கேட்டாள். டியூட்டியாக இருக்கும் என்று நானே உனக்காகப் பொய் சொன்னேன். பொய்தானே?

சரி, லேப்டாப். ஐம்பதாயிரத்துக்குள் கேம் என்றால் கடைக்காரர்கள் உன்னை வண்ண வண்ண விளக்கு எரிகிற கீபோர்டைக் காட்டி ஏமாற்றுவார்கள். விளக்கைப் பார்க்காதே. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று பார். அது இல்லாவிட்டால் விளையாட்டு படம் படமாக நின்று நின்று ஓடும், நீ குத்து விடுவதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டு வந்துவிடுவான். ரேம் பதினாறு இருக்கட்டும், எட்டை வாங்கிவிட்டுப் பிறகு அழாதே. புதுசில் உன் காசுக்கு ஓட்டை உடைசல்தான் வரும். சென்னைக் கம்பெனிகள் மூன்று வருஷம் வைத்திருந்து விற்கிற லேப்டாப்பைச் சுத்தம் செய்து தருகிறார்கள், அதில் எடுத்தால் அதே காசுக்கு நல்லதே கிடைக்கும். சூடு எப்படி என்று நான் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். பதினைந்தரை அங்குலத்தில் ஒன்று என் கண்ணில் பட்டிருக்கிறது. வலது ஓரத்தில் எண் விசைகள் முழுசாக இருக்கின்றன. ஆறு விசையைச் சேர்த்து அமுக்கினேன், ஆறையும் கேட்டது. மற்றதெல்லாம் நாலுக்கு மேல் செவிடாகிவிடும்.

இது ஏன் எனக்கு மனப்பாடம் என்று உனக்குத் தெரியும். நீ ஹாஸ்டலில் இருந்தபோது பிரிண்ட் எடுக்க வந்து, எங்கள் பின்னறைக் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று வருஷம் உட்கார்ந்தாய். இடது பக்கத்து எழுத்துகள் உனக்கு, வலது பக்கத்து எண்கள் எனக்கு. முழங்கை இடித்துக்கொண்டு எத்தனை குத்து, எத்தனை உதை!

அதனால் கேட்கிறேன். இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறாயே, இரண்டாவது ஆள் யார்? நானாக இருந்தால் சொல்லிவிடு.

நிஷாத்


வெள்ளிமலை
17.6.2025

நிஷாத்,

பக்ரீத் அன்று டியூட்டி. அம்மாவிடம் மன்னிப்புச் சொல்.

இரண்டாவது ஆள் கவியா. என்னோடு குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிற நர்ஸ், எலவனாசூர்கோட்டைப் பெண். மூன்று மாதமாக ஒரே அறை. மழை பிடித்துக்கொண்டால் இங்கே வெளியே போக முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கே மேகம் ஜன்னலுக்குள் வந்துவிடும். அப்போது இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

அவளுக்கு வலது கை வேகம். ஊசி போடும்போதே பார்த்திருக்கிறேன், குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுவாள். அதனால் வலது பக்கம் அவள் உட்காரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நீ ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும், உனக்கும் பிடிக்கும்.

நீ பார்த்து வைத்த பதினைந்தரை அங்குலத்தையே அனுப்பு. பணத்தை அத்தா கணக்கில் போட்டுவிட்டேன்.

சந்தியா


கள்ளக்குறிச்சி
27.6.2025

அன்புள்ள சந்தியா,

லேப்டாப் பச்சமுத்து அண்ணன் கையில் வருகிறது. "ஜாக்கிரதைண்ணே, ஒடையற பொருளு" என்றேன். "நம்ம மலை ரோட்டுல ஒடையாத பொருளு எதுமா?" என்றுவிட்டு, மடியில் வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

பதினைந்தரை அங்குலத்தை அனுப்பவில்லை. அதில் பேட்டரி பலம் இல்லை. எடையும் ஜாஸ்தி, அதன் சார்ஜரே செங்கல் கனம். மலையில் இருப்பவளுக்கு அது எதற்கு? இது பதினாலு அங்குலம். கையடக்கம், தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிராபிக்ஸ் கார்டு, பதினாறு ரேம், நான் சொன்னதெல்லாம் இருக்கிறது. கரண்டு போனால் சினிமாவே பார்க்கலாம், விளையாட்டு மட்டும் ஒரு மணி நேரம் தாங்கும். விளையாடும்போது தலையணை மேல் வைக்காதே, அடியில் காற்று போக வேண்டும்.

இந்த அளவில் கார்டோடு கிடைப்பது கஷ்டம். சென்னைக்கு ஆள்மேல் ஆள் சொல்லி, பத்து நாள் தேடிப் பிடித்தேன். நன்றி எல்லாம் வேண்டாம்.

கவியாவுக்கு என் அன்பைச் சொல். இவ்வளவு வேகமான கை யாருக்கு வாய்க்கும்!

நிஷாத்


வெள்ளிமலை
6.7.2025

நிஷாத்,

லேப்டாப் உடையாமல் வந்தது. படம் நன்றாக இருக்கிறது, சூடும் குறைவு.

ஒன்றே ஒன்றுதான். இதில் வலது ஓரத்து எண் விசைகள் இல்லை. அம்புக்குறியை வைத்து ஆளை நகர்த்தலாம், அடிக்க வழியில்லை. நீ அவசரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது. முதல் நாள் இரண்டு பேரும் எழுத்துப் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு விரலோடு விரல் மோதி, ஆட்டமே நடக்கவில்லை.

பிறகு கவியா ஒரு வழி கண்டுபிடித்தாள். சண்டை ஆட்டத்தை விட்டுவிட்டோம். கோட்டைக்குள் ஒற்றை ஆளாகப் போய் அம்பு விடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நான் இடக்கையால் விசைகளை அமுக்கி நடக்கிறேன், அவள் மவுஸைப் பிடித்துக் குறிபார்க்கிறாள். கால் நான், கை அவள். திரையில் ஒரே ஆள்தான். நான் எங்கே திரும்பப் போகிறேன் என்று சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரெதிராக நின்று அடித்துக்கொண்டதைவிட இது நன்றாக இருக்கிறது.

தோற்றால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பாள். அந்த ஒன்று பத்தாகும். ஜெயித்தால் என் தொடையில் பட்டென்று அடிப்பாள், மறுநாள் வரை வலிக்கும். சிரிப்பு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

எல்லாம் உன்னால்தான். எண் விசை இருந்திருந்தால் இந்த வழி எங்களுக்குத் தோன்றியே இருக்காது. மிகவும் நன்றி.

சந்தியா


கள்ளக்குறிச்சி
9.7.2025

சந்தியா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒருவர் போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்த நான், மூன்று கிளாஸைக் குமிழியோடு ஒட்டிப் பாழாக்கிவிட்டேன். "இன்னாமா, வூட்ல எதுனா பிரச்சனையா?" என்று அவரே கேட்டார்.

அவசரமாம், கவனிக்கவில்லையாம்! எனக்கா? ஒரு லேப்டாப்பை மூடி வைத்தே எத்தனை விசை என்று சொல்லுகிற எனக்கா? நன்றாகக் கேட்டுக்கொள். எண் விசை இல்லாததாகத் தேடித்தான் அனுப்பினேன். பதினைந்தரை அங்குலத்துக்குப் பேட்டரியும் நன்றாக இருந்தது, எல்லாமே நன்றாக இருந்தது. அதை மறுநாளே கச்சிராயபாளையத்து வாத்தியார் மகளுக்கு விற்றுவிட்டேன், நீ மனம் மாறிக் கேட்டுவிடக் கூடாதே என்று. வலது பக்கத்தில் யாரும் உட்கார முடியாத ஒன்றாகப் பார்த்து, பத்து நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தேன். நல்லது செய்யக்கூட நான் இவ்வளவு அலைந்தது கிடையாது. நானூறு ரூபாய்க்கு ஒரு கீபோர்டு வாங்கிச் செருகினால் தீர்ந்துபோகிற விஷயம். அது உனக்குத் தோன்றிவிடக் கூடாது என்று வேறு தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

ஆமாம், பொறாமைதான். வயிற்றெரிச்சல்தான். எனக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லை. வீட்டில் அத்தா, அம்மா, கடை, அவ்வளவுதான். நீ ஒருத்திதான் எனக்கென்று இருந்தாய். உனக்கு வேலை கிடைத்து நீ மலைக்கே திரும்பிப் போனபோது, போகட்டும், அங்கே விளையாட ஆள் கிடைக்காது, சனிக்கிழமையானால் இங்கேதான் வருவாள் என்று நினைத்தேன். மார்ச்சிலிருந்து நீ வருவது குறைந்துவிட்டது. இப்போதுதான் தெரிகிறது, மூன்று மாதமாக ஒரே அறையாம்.

உங்களைப் பிரிக்க நினைத்தேன், ஒரே ஆளாக ஆக்கிவிட்டேன். கால் நீயாம், கை அவளாம். என்னோடு எதிரெதிராக நின்றதைவிட நன்றாக இருக்கிறதாம். அதை எழுதும்போது உனக்கு ஒரு நிமிஷம்கூடக் கை நிற்கவில்லையா?

இன்னொன்று. கீழுதட்டைக் கடிப்பது நான். துப்பட்டாவைச் செருகுவது நான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பது என் பேச்சு. அதெல்லாம் அவளுக்கு எப்படி வந்தது? நீ சொல்லிக் கொடுத்தாயா? என் இடத்தில் உட்கார வைத்ததும் போதாமல் என்னையே எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாயா?

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பு. எண் விசையோடு வேறு தருகிறேன். கடைக்காரியாகச் சொல்கிறேன், தோழியாக இல்லை.

நிஷாத்


வெள்ளிமலை
15.7.2025

நிஷாத்,

நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்ததில் லேபில் ரிப்போர்ட் தாள் தீர்ந்துபோய்விட்டது. இனி சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கவியா விளையாடுவதே இல்லை. நல்ல பெண். எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவாள். மார்ச்சிலிருந்து நான் வருவது குறைந்ததற்கு அவள் காரணமில்லை, சனிக்கிழமை டியூட்டிதான். லேப்டாப் வந்த அன்று ஒரே ஒரு தடவை உட்கார வைத்தேன். "இன்னாக்கா இது, சும்மா அடிச்சிக்கினே கீறாங்க? எனக்கு தல சுத்துது" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். காலும் இல்லை, கையும் இல்லை. நான் மட்டும் தனியாக உட்கார்ந்து மெஷினோடு விளையாடுகிறேன். இரண்டு கையும் என்னுடையதுதான்.

உன்னை எரிய வைக்க வேண்டும் என்று அவள் விளையாடுவதாக எழுதினேன். எழுத உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறவள் எப்படி இருப்பாள் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உதட்டைக் கடிப்பது, தொடையில் அடிப்பது எல்லாம் தானாக வந்தன. எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே. உன்னைப் பற்றி எழுதி மேலே அவள் பெயரைப் போட்டுவிட்டேன்.

ஏன் எரிய வைக்க வேண்டும் என்று கேட்பாய். பக்ரீத் அன்று எனக்கு டியூட்டி இல்லை. நான் வந்தேன். அப்பா தோட்டத்திலிருந்து உங்கள் அம்மாவுக்கென்று ஒரு பலாப்பழம் வெட்டிக் கொடுத்தார், சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன். கடை சாத்தியிருந்தது. எப்போதும் போலப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னறைக்கு வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. நீ வலது பக்கம் உட்கார்ந்திருந்தாய். இடது பக்கம் இன்னொருத்தி. நீல சுடிதார், ஒற்றைச் சடை. நீ அவளைப் பார்த்து, "ஷாலினி, இன்னும் ஒண்ணே ஒண்ணுடி" என்றாய். அவள் சிரித்தாள், நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் அவள் எழுந்து எனக்கு இடம் விடுவாள். என் இடத்தை இன்னொருத்தி எனக்கு விட்டுக்கொடுப்பதை என்னால் பார்க்க முடியாது. திரும்பிவிட்டேன். பலாப்பழத்தைக் கச்சிராயபாளையத்தில் டீக்கடைக்காரரிடம் கொடுத்தேன். "எவ்ளோமா?" என்று கேட்டார். சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாம் நாள் உனக்கு லேப்டாப் கேட்டு எழுதினேன். விளையாட எனக்கு லேப்டாப்பே வேண்டியதில்லை, இரண்டு பேர் என்று உனக்கு எழுதத்தான் அதைக் கேட்டேன்.

எண் விசை இல்லை என்று பெட்டியைத் திறந்ததுமே பார்த்தேன். நீ கவனிக்காமல் அனுப்பியிருக்க மாட்டாய். அப்பாடா, இவளுக்கும் எரிகிறது என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஷாலினி யார் என்று மட்டும் சொல். பொய் சொல்லாதே.

சந்தியா


வெள்ளிமலை பஸ்ஸில்
20.7.2025, ஞாயிறு

சந்தியா,

இந்தக் கடிதத்தைப் பச்சமுத்து அண்ணனிடம் கொடுக்கப் போவதில்லை. கோமுகி அணைக்குப் பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் எழுதுகிறேன். "மேல தான போறீங்க, நேர்ல பேசிட்டாப் போவுது, இன்னாத்துக்கு எழுதிக்கினு?" என்று அண்ணன் சிரிக்கிறார். நேரில் என்றால் உன் முகத்தைப் பார்த்துப் பாதியை மாற்றிச் சொல்லிவிடுவேன். நீ பொய் வேண்டாம் என்றிருக்கிறாய்.

முதலில் ஒன்று. கவியா விளையாடவில்லை என்று படித்ததும் கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்து மெஷினோடு மோதிக்கொண்டிருக்கிறாய் என்று படித்து நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். வருத்தமும் வந்தது. ஆனால் சந்தோஷம் முதலில் வந்தது. நான் அப்படிப்பட்டவள்தான், தெரிந்துகொள்.

இப்போது ஷாலினி. வடக்கனந்தல் பெண். ஏப்ரலில் கடைக்கு வேலைக்கு வந்தாள், போன் சர்வீஸ் செய்வாள். முதல் மாதம் பின்னறைப் பக்கமே அவளை விடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை நீ வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். "ஒக்காரு" என்றேன். நன்றாக விளையாடுகிறாள். உன்னைவிட நன்றாகவே விளையாடுகிறாள், கோபித்துக்கொள்ளாதே, உனக்கு உதை எப்போதும் தாமதம்தான். தினமும் கடை சாத்தியதும் ஒரு மணி நேரம். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. பக்ரீத் அன்று அவளையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்.

இதை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் இரண்டாவது ஆள் யார் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்ட அதே நாளில் ஷாலினியோடு ஏழு ஆட்டம் ஆடியிருக்கிறேன். இல்லாத ஒருத்தியை நினைத்து நான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தேன். நீ கண்ணால் பார்த்துவிட்டு, பலாப்பழத்தை யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போயிருக்கிறாய். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. ஜன்னலில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே பாவி.

ஷாலினியை எழுந்து போ என்று நான் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லவும் மாட்டேன். அவளும் நாள் முழுக்கக் கடையில் நிற்கிற பெண்தான்.

நேற்று சாயங்காலம் அவள் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கும் நான் இல்லை, மலைக்குப் போகிறேன் என்றேன். "யாரு வூட்டுக்குக்கா?" என்றாள். உன்னைப் பற்றி முதல்முதலாகச் சொன்னேன். மூன்று வருஷத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப நான் ஒக்கார்றது அவங்க எடமாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, உடைந்த போன் ஒன்றை எடுத்து ஸ்க்ரூ கழற்ற ஆரம்பித்தாள். ஒரே ஸ்க்ரூவைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

டயர் மாற்றி முடித்துவிட்டார்கள், அண்ணன் விசில் அடிக்கிறார். குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி இதை உன் கையில் கொடுத்துவிட்டு வெளியேயே நிற்பேன். நீ முழுசாகப் படி. படித்துவிட்டு உள்ளே கூப்பிடுவதும் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புவதும் உன் இஷ்டம். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் சொல்லிவிடு, எனக்குக் குளிர் ஆகாது.

நிஷாத்